எங்கள் வளவில் நிற்கும் மொரிஸ் மைனரும் நமதூரின் அறுபது வருடங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை காருக்குக் கீழே படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். தரம் 10 பிள்ளைகள் இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சேர், இத வித்துட்டு வேற ஒன்டு எடுக்கலாந்தானே?" என்று கேட்டார்கள். அப்போது சிரித்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்து வந்த வரலாற்று வாத்தியார். அதனால் இந்தக் காரையும் ஒரு வரலாற்றுப் புத்தகமாகத்தான் பார்க்கிறேன்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் பிறந்தவர். மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. நடுவால் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பாதியையும் நான்கு அங்குலம் விலக்கிப் பொருத்திப் பார்த்தார். அது பிடித்துப்போனது. பொனட்டின் நடுவே ஒரு பட்டி ஓடுகிறதே, அது அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்.

எங்கள் காரில் இருப்பது 948 சீசீ எஞ்சின், 37 குதிரைவலு. 'ஏ சீரிஸ்' என்ற இந்தக் குடும்பம் 1951இல் ஒஸ்டின் ஏ30 காரில் தொடங்கியது. 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிறைற் ஸ்போர்ட்ஸ் காரிலும், 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட்டிலும் இதே எஞ்சின்தான். ஸ்பிறைற்றில் இரண்டு கார்பரேட்டர் பூட்டி 43 குதிரைவலு எடுத்தார்கள். 1964இல் மொண்டே கார்லோ ரலியை வென்ற மினி கூப்பரிலும் இதே குடும்பத்து எஞ்சின். நமது சந்தைக்கு மீன் கூடை ஏற்றிப் போன காருக்கும் அந்தப் பந்தயக் காருக்கும் நெஞ்சு ஒன்றுதான்.

மூத்தப்பா இதை அறுபதுகளில் தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கினார். இலக்கத் தகட்டில் '1 ஸ்ரீ'. அந்த ஒரு எழுத்துக்காக 1958இல் வடக்குக் கிழக்கில் எவ்வளவு போராட்டம் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது இந்தத் தகட்டின் படத்தைத்தான் காட்டுவேன். கார் வாங்கிய காலத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, புதுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கையில் இருப்பதை ஓட வைத்தே ஆக வேண்டும். ஸ்பெயார் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து போட்டார்கள். இலங்கையின் 'பாஸ்'மார் படித்த பள்ளிக்கூடம் அந்தத் தட்டுப்பாடுதான்.

எங்கள் காருக்கு ஒரு பாஸ் இருந்தார். வாவிக்கு அக்கரைத் தமிழ்க் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். சைக்கிளில் வருவார். வாப்பா அவரை 'அண்ணன்' என்பார், அவர் வாப்பாவைத் 'தம்பி' என்பார். பொனட்டைத் திறக்காமலே, சத்தத்தைக் கேட்டு எந்த வால்வ் தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவார்.

1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் கூரைமேல் தென்னை விழுந்தது. பாஸ் உள்ளே படுத்துக்கொண்டு மரச் சுத்தியலால் மூன்று நாள் தட்டித் தகட்டை எடுத்தார். கையால் தடவினால் இன்றும் அந்த இடம் தெரியும்.

பிறகு 1990. அந்த வருடம் நமக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அக்கரையிலும் வீட்டுக்கு வீடு இழப்பு இருந்தது. பாஸ் வரவில்லை, வாப்பாவும் போகவில்லை. கார் மரக்கட்டைகளின் மேல் பன்னிரண்டு வருடம் நின்றது. அதே காலத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ்களும் ஒஸ்டின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது.

2002 சமாதான காலத்தில் ஒரு நாள் காலையில் அதே சைக்கிள் வாசலில் நின்றது. பாஸ் நன்றாக மெலிந்திருந்தார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. "தம்பி, பிளக்கக் கழட்டுங்க" என்றார். சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கையால் சுற்றி இளக்கினார். மூன்றாம் நாள் கார் பேசியது. உம்மா அழுதா.

2004 சுனாமியில் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தது. தரைத் தகட்டையும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களையும் துரு உள்ளிருந்தே தின்றது. அவற்றை வெட்டிப் புதிதாக வெல்ட் பண்ணினோம். பாஸ் செய்த கடைசிப் பெரிய வேலை அது.

அவர் போன பிறகு நானே தொடங்கினேன். தொடங்கிய விதம் பிழை. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின்தானே என்று முதலில் இரட்டைக் கார்பரேட்டர் தேடிப் பூட்டினேன். இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் பிரேக் ஒயில் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்துதான் போகிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் முழுப் பிரேக்கும் இல்லை. துருப்பிடித்த குழாய் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே வெடித்தது. பெடல் தரையில் முட்டியது. ஹேண்ட் பிரேக்கும் ஒரு கிடுகு வேலியும் காப்பாற்றின. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அந்த ஒழுங்கையில் குர்ஆன் மதரசா விட்டுப் பிள்ளைகள் போயிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் குழாய் முழுக்கப் புதிது, முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக். அடுத்தது முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு. சில்லு திரும்புவதே அதிலுள்ள புரியில்தான். கிரீஸ் இல்லாவிட்டால் புரி தேய்ந்து ஒரு நாள் சில்லு மடிந்து விழும். அன்று நான் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். பிறகு டைனமோவுக்குப் பதில் ஓல்டர்னேற்றர். எஞ்சினின் வேகம் கடைசியில்தான். பழைய வாகனத்தையோ மோட்டார் சைக்கிளையோ வீட்டில் மாற்றியமைக்கும் நமதூர்த் தம்பிமாருக்கு இதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்: ஓடுவதைக் கூட்ட முதல் நிற்பதைச் சரிபாருங்கள்.

மைல் மீற்றரில் ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு பூச்சியம். வாப்பாவின் கணக்கில் அது மூன்று தடவை சுற்றிவிட்டது.

ஒரு விசயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைத் திருத்தி வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களின் தொடக்கத்தில் இந்தக் காரின் தகட்டு உறுப்புகளை இலங்கையில் செய்விக்க ஏற்பாடு செய்தார். கார் செய்தவர்களின் நாட்டுக்கே நம்நாட்டுக் கைகள் உறுப்புச் செய்து அனுப்பின. தட்டுப்பாடு பழக்கிய கைகள் அவை.

2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நடுவில் 2022இல் பெற்றோல் வரிசையில் எத்தனை இரவு நின்றோம்? கதவு மூடப்படுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் நம்மைக் கரைசேர்த்த பாஸ்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பாஸ் சொன்னதில் பாதியைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வயதான பாஸ் யாரும் இருந்தால், இக்கரையோ அக்கரையோ, ஒரு பின்னேரம் போய் இருங்கள். அவர் சொல்லுவதை போனில் பதிவு செய்யுங்கள். வீட்டில் பழைய கார்ப் படம் இருந்தால் கீழே போடுங்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும்: வாற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வளவுக்கு வாங்க. பழைய உடுப்பு போட்டுக்கொண்டு வாங்க. கிரீஸ் கன் பிடிக்கப் பழக்குகிறேன், இன்ஷா அல்லாஹ்.