கையொப்பத்தின் கீழ் ஒரு பெயர்: மலையகத் தோட்டங்களின் பதவிப்பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

நிறுவனமொன்றைத் தோற்றுவிப்பவர், தமது அலுவல் கடிதங்களில் கையொப்பத்தின் கீழ் எப்பதவிப்பெயரை இடுவதென்பது அற்ப வினாவாகத் தோன்றலாம். ஆயின் மலையகத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, பதவிப்பெயர் அதனைச் சூடுபவரின் தகுதியை மட்டுமன்றி, அழைப்பவரின் நிலையையும் நிர்ணயித்து வந்தமை புலனாகும்.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலும் பிந்திய தேயிலைக் காலத்திலும் தோட்ட நிர்வாகியின் உத்தியோகப்பெயர் ‘சுப்பிரின்டெண்டன்ட்’ என்பதாகும். லயத்து மக்களுக்கோ அவர் ‘பெரிய துரை’. அவரின் துணைவர் ‘சின்னத் துரை’. ஆங்கிலேயத் தோட்ட நிர்வாகிகளும் இத்தமிழ்ப் பெயர்களைச் சுருக்கி, ‘பீ.டி.’, ‘எஸ்.டி.’ எனத் தமக்குள் வழங்கினர். முன்னையது கம்பனியிடம் சம்பளம் பெறும் ஊழியனின் பெயர்; பின்னையது ஆள்பவனின் பெயர். கொழும்புக்கு எழுதுகையில் ஊழியனாயிருந்தவன், லயத்தின் முன் அரசனாய் நின்றான்.

‘கங்காணி’ என்பதும் அத்தகையதே. கண்காணிப்பவன் என்னும் பொருள்தரும் இச்சொல், தோட்டத்தில் கடன் கொடுப்பவன் என்ற பொருளையும் ஏற்றது. தென்னிந்தியக் கிராமங்களில் முற்பணம் கொடுத்து ஆள் திரட்டியவன் அவனே. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்கொரு சிறுதொகை கிடைத்தது. கடனுக்குச் சான்றான ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், அப்பெயருக்குரிய அச்சம் எளிதில் அகலவில்லை.

இவ்விரு பெயர்களும் மேலிருந்து வந்தவை. ‘தலைவர்’ என்ற பெயரோ வேறுவகையானது. 1931இல் கோ. நடேசய்யர் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அதன் தலைவராகச் செயற்பட்டார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டிலேயே ஏற்பட்ட ஏழம்ச உடன்படிக்கை தொழிற்சங்கங்களுக்கு அங்கீகாரம் அளித்தது. அதன்பின், ‘தலைவர்’ எனக் கையொப்பமிட்ட கடிதத்தைத் துரை புறக்கணித்தல் அரிதாயிற்று. அக்கையொப்பத்தின் பலம் சொல்லிலன்று, அதன் பின்னால் நின்ற சந்தாதாரரிலேயே தங்கியிருந்தது.

எனினும் தொழிலாளரை மறந்தவிடத்து, ‘தலைவர்’ என்ற பெயரும் துரைத்தனத்தின் சாயலைப் பெறக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. இன்று லயத்தில் பிறந்து சிறு நிறுவனம் தொடங்கும் இளைஞர், ‘முகாமைப் பணிப்பாளர்’ எனவோ ‘நிறுவுநர்’ எனவோ தம்மைக் குறிக்கலாம். அவர் தம்மை நோக்கிக் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இப்பெயரைச் சொல்லி என்னை அழைப்பவர் நிமிர்ந்து நிற்பாரா, குனிந்து நிற்பாரா? நமது பாட்டன்மார் அவ்வினாவுக்கு விடைகாண ஒரு நூற்றாண்டு காத்திருந்தனர் என்பது நினைவிலிருத்தற்பாலது.