ஓரியந்தல் வங்கியும் தேசாதிபதியின் பிணையும்

இலங்கை அரசாங்கம் தானே நாணயத்தாள் வெளியிடும் வழக்கம் ஒரு வங்கியின் வீழ்ச்சியிலிருந்து பிறந்ததாகும். பம்பாயிலே 1842 இல் தோன்றி, பின்னர் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓரியந்தல் வங்கி, கீழைத்தேச வணிகத்தில் முதன்மை பெற்று விளங்கியது. இலங்கையில் அதன் நோட்டுகள் பெரிதும் வழங்கின. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும் அது பெருங்கடன் கொடுத்திருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. தோட்டங்கள் அழியவே கடனும் மீளாதாயிற்று. வேறிடங்களில் நேர்ந்த நட்டங்களும் உடன்சேர, 1884 மே மாதத்தில் வங்கி முறிந்தது.

அப்போது தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் கோர்டன், இலங்கையில் வழங்கிய அவ்வங்கி நோட்டுகளுக்கு அரசாங்கமே பிணை என அறிவித்தார். தனியார் தவற்றுக்குப் பொதுப்பணம் பிணையாதல் தகுமோ என்பது எக்காலத்தும் எழும் வினாவாகும். ஆயின் ஈண்டுப் பிணை நோட்டுக்கேயன்றி வங்கிக்கன்று. பங்குதாரர் இலாபம் கருதி முதலிட்டவர். நோட்டை வைத்திருந்தோரோ அதனைக் கூலியாகவும் விளைபொருளின் விலையாகவும் பெற்றவர். முன்னவர் நட்டத்தைச் சுமக்கப் பின்னவர் காக்கப்பட்டனர். அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்க நோட்டுகள் வழங்கலாயின.

1890 இல் ஆர்ஜென்ரீனக் கடன்களால் பேரிங் நிறுவனம் தள்ளாடியபோது, இங்கிலாந்து வங்கி ஏனைய வங்கிகளையும் சேர்த்துப் பிணைநின்றது. அங்கே காக்கப்பட்டது நிறுவனமேயாம்.

2022 ஏப்ரிலில் இலங்கை அரசே வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாதென அறிவித்தது. இப்போது கடன் கொடுத்தோருள் இலண்டன் தனித்து நிற்கவில்லை. சீனா, இந்தியா, யப்பான் ஆகியனவும் முன்னின்றன. அவற்றின் உறுதிமொழிகளுக்குப் பின்னரே, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர்க் கடனுக்கு இசைந்தது. ஆதிக்கம் இடம்பெயரினும் பழைய வினா மாறவில்லை. அவ்வாண்டு உள்நாட்டு ரூபாய்க் கடன்முறிகளை மறுசீரமைத்தபோது வங்கிகள் விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியம் முதலியவற்றின் முறிகளோ குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. வங்கி தளரின் வைப்பாளரும் அழிவர் என்பது அரசினர் நியாயம். அதிலும் உண்மையுண்டு. எனினும் முதுமைக்கெனச் சேர்த்த தொழிலாளரும் கடன் கொடுக்கத் தாமே துணிந்தவரல்லர்.

உரும்பிராய்ச் செம்மண்ணில் உழைப்போனுக்கும் இஃது அயலான செய்தியன்று. அவன் கையிலுள்ள தாளின் மதிப்பும் பிணையொன்றையே சார்ந்துள்ளது. மீட்பு வேண்டுமா என்பதனோடு நில்லாது, யாரை மீட்பது, யார் சுமப்பது என ஆராய்வதே கற்றோர் கடனாகும்.