பதினாறு இடங்களுக்குள் ஒரு பரிசோதனை

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில், வள்ளத்தின் அடிப்பலகையில் ஒழுக்கு இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் அதை மணலில் ஏற்றிய பின்னரே பார்ப்பார்கள். மிதக்கும் வள்ளத்துக்குள் இருந்துகொண்டு அதன் அடியை ஆராய முடியாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கணினிகளைப் பழுதுபார்த்த பொறியியலாளர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது.

அக்காலக் கணினியின் நினைவகம், கம்பிகளில் கோத்த நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. அதில் பழுது உண்டா என அறிய ஒரு பரிசோதனை நிரல் தேவை. அந்த நிரலும் அதே நினைவகத்தில்தானே குடியிருக்க வேண்டும்? குடியிருக்கும் இடமே பழுதாயின் நிரல் பிறழும். அது சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

இதற்கு எளிய உபாயமொன்று இருந்தது. டிஜிட்டல் எக்குவிப்மென்ட் நிறுவனம் 1970இல் வெளியிட்ட பிடிபி-11 என்ற சிறுகணினியில், எண்ம முறையில் 014747 என எழுதப்படும் ஒற்றைக் கட்டளை தன்னைத்தானே முந்திய முகவரியில் பிரதி செய்யும். பிறகு அந்தப் பிரதி இயங்கித் தனக்கு முந்திய முகவரியில் இன்னொரு பிரதியை எழுதும். முகப்புப் பலகையின் சுவிட்சுகளால் அந்த ஓர் எண்ணை உள்ளிட்டால் போதும். அது நினைவகத்தின் அடிவரை நடந்து செல்லும். பழுதான இடத்தில் நடை தடுமாறும். ஆயினும் அதுவும் சந்தேகத்துக்குரிய நிலத்தின் மேலேயே நடந்தது.

அந்நிலத்துக்கு வெளியே ஓரிடம் உண்டு. அதுதான் பதிவகம், செயலி தன் கைக்கணக்கை வைத்துக்கொள்ளும் சில இடங்கள். அதே நிறுவனத்தின் பிடிபி-10 என்ற பெரிய கணினியில் பதினாறு பதிவகங்கள் இருந்தன. அவை நினைவகத்தின் முதற் பதினாறு முகவரிகளாகவும் கருதப்பட்டன. ஆகவே அவற்றில் எண்களை மட்டுமல்ல, கட்டளைகளையும் வைத்து இயக்கலாம். திரான்சிஸ்டர் சுற்றுகளாலான விரைவுப் பதிவகங்கள் பொருத்தப்பட்டிருந்தால், காந்த வளையங்களைத் தொடாமலே நிரல் ஓடும். ஒரு வடிவத்தை எழுது, திரும்ப வாசி, ஒப்பிடு, மாறினால் நில், இல்லையேல் அடுத்த முகவரிக்குப் போ. கட்டளைகள், முகவரி எண்ணி, ஒப்பிடும் எண் எல்லாம் பதினாறு இடங்களுக்குள் அடங்க வேண்டும். பிடிபி-11 குடும்பத்தின் 11/05, 11/10 மாதிரிகளிலும் பதிவகங்களிலிருந்து கட்டளைகளை இயக்க முடிந்தது. அங்கே இருந்தவை எட்டே பதிவகங்கள். அவற்றிலும் ஒன்று அடுத்த கட்டளையின் முகவரிக்கென ஒதுக்கப்பட்டது.

காந்த வளையங்களோடு மல்லாடிய அக்காலம் நமக்கு அந்நியமானதல்ல. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் 1960இல் மும்பையில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினி, 2,048 சொற்கள் கொண்ட காந்த வளைய நினைவகத்தை உடையது. 1969இல் டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்னும் டிடிசி-12 வந்தது. ஐதராபாத்தின் ஈசிஐஎல் நிறுவனம் அவ்வரிசையைத் தயாரித்தது. எழுபதுகளில் மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில், பிடிபி-10 குடும்பத்தைச் சேர்ந்த டெக்சிஸ்டம்-10 பணியாற்றியது.

அந்த இயந்திரங்களின் பெயர்களும் ஆண்டுகளும் நூல்களில் உள்ளன. நள்ளிரவில் சுவிட்சுகளைத் தட்டிப் பழுது தேடியவர்களின் கைப்பழக்கமோ அவர்களுடைய குறிப்பேடுகளிலும் நினைவிலும் மட்டுமே எஞ்சும். அவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். அத்தகையோரைத் தெரிந்த வாசகர்கள், கேட்டு எழுதிவைப்பது நன்று. அதையும் தமிழில் எழுதினால் இன்னும் நன்று.

பதிவகப் பரிசோதனையும் பூரணமானதல்ல. செயலியே பழுதானால் அதன் தீர்ப்பும் பிழைக்கும். எதையேனும் நம்பித்தான் எந்தச் சோதனையும் தொடங்குகிறது. அந்த நம்பிக்கையைப் பதினாறு இடங்களுக்குள் சுருக்கியதே அவர்கள் சாதனை. பத்திரிகைத் தொழிலிலும் இதுவே விதி. ஒரு செய்தியை அதைத் தந்தவரிடமே மறுபடி கேட்பது உறுதிப்படுத்தல் ஆகாது. அவரைச் சாராத ஒரு சாட்சி வேண்டும், அது எவ்வளவு சிறியதாயினும்.