பெங்களூரு, ஜூன் 2015: இணைய நடுநிலை வரலாற்றில் விடுபட்ட பக்கம்

இந்தியாவில் இணைய நடுநிலைக்கான போராட்டம் பெரும்பாலும் வெற்றிக்கதையாகவே எழுதப்படுகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச் 27 அன்று கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான தரவுக் கட்டணங்களுக்குத் தடை வந்தது. ஃபேஸ்புக் தனது ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது. இவையனைத்தும் உண்மை. ஆயினும் இவ்வரிசையின் நடுவே பெங்களூருவில் நிகழ்ந்த ஒன்று பெரிதும் பேசப்படாமலே போயிற்று.

‘நடுநிலை’ என்னும் சொல்லே சற்று வழிதவறச் செய்வது. தமிழில் அது வழக்கைத் தீர்ப்பவரின் பண்பைக் குறிக்கும். இங்கே கேள்வி தீர்ப்பவரைப் பற்றியதன்று; கடிதத்தைப் பிரிக்காமலும் திருத்தாமலும் கொண்டு சேர்க்கவேண்டிய தபால்காரரின் கடமையைப் பற்றியது.

அவ்வாண்டு ஏப்ரலில் ஏர்டெல் நிறுவனம் ‘ஏர்டெல் ஜீரோ’வை அறிவித்தது. செயலி நிறுவனங்கள் பணம் செலுத்தினால் அச்செயலிகளைப் பயனர்கள் தரவுச் செலவின்றிப் பயன்படுத்தலாம். பெங்களூருவின் ஃப்ளிப்கார்ட் இதில் சேரப் பேச்சு நடத்தியது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்ததும் ஏப்ரல் 14 அன்று விலகிக்கொண்டது. வணிகப் பெயருக்கு இழுக்கு நேருமென்ற அச்சம் அங்கே வேலை செய்தது. அடுத்து நிகழ்ந்ததில் அத்தகைய அச்சத்துக்கு இடமே இருக்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் பெங்களூருவைச் சேர்ந்த நிரலாளர் தேஜேஷ் ஜி.என்., ஏர்டெல் 3ஜி இணைப்பில் தமது வலைத்தளத்தைத் திறந்தபோது, அதன் மூலநிரலில் தாம் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் செருகப்பட்டிருந்ததைக் கண்டார். அவற்றின் படங்களையும் நிரலையும் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார். சில நாட்களிலேயே ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் என்னும் இஸ்ரேலிய நிறுவனத்தின் சார்பில் மும்பை வழக்கறிஞர் நிறுவனமொன்று அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்நிரல் தங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்பதே வாதம். கிட்ஹப்புக்கும் நீக்கக் கோரிக்கை சென்றது, அப்பக்கம் முடக்கப்பட்டது. வாடிக்கையாளர் தமது தரவுப் பயன்பாட்டை அறிந்துகொள்ள உதவும் கருவியே அது என்று விளக்கிய ஏர்டெல், நோட்டீசுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றது.

இதன் அமைப்பு கவனத்துக்குரியது. ஒருவரின் பக்கத்தில் அவரறியாமல் எழுத்து செருகப்படுகிறது. அதைச் சுட்டிக்காட்டியவரே பதிப்புரிமை மீறியவராக நிறுத்தப்படுகிறார். அவரது பதிவை இறக்கியது இந்திய நீதிமன்றம் எதுவுமன்று; 1998ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு தனியார் கோரிக்கை. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியது அவ்வாண்டு மார்ச் 24 அன்றுதான். நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ இருந்தால் மட்டுமே இடைநிலை நிறுவனங்கள் உள்ளடக்கத்தை அகற்றக் கடமைப்பட்டவை என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. பதிப்புரிமைக்குத் தனி வழி உண்டு என்பது சரியே. ஆனால் அங்கும் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் அகற்றியதை மீட்டளிக்க இந்தியச் சட்டம் இடமளிக்கிறது. இந்த எந்தப் பாதுகாப்பும், வேற்றுநாட்டுச் சட்டத்தின்படி இயங்கும் தளத்தில் எழுதிய பெங்களூருவாசிக்கு உதவவில்லை.

டிசம்பரில் களம் மாறியது. ‘இன்டர்நெட்.ஆர்க்’ என்னும் பெயர் செப்டம்பரிலேயே ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ ஆகியிருந்தது. முழு இணையமும் தன்னதே என்பதுபோல் ஒலித்த முதற்பெயரைவிட ‘இலவசம்’ எளிதில் விற்கும். டிராயின் இரண்டாம் கலந்தாய்வின்போது ஃபேஸ்புக் தன் பயனர்களுக்கு ஆயத்தக் கடிதமொன்றைக் காட்டி அனுப்பச் செய்தது. வந்த ஏறத்தாழ 24 லட்சம் கருத்துகளில் சுமார் 18.9 லட்சம் இவ்வாறு வந்த ஒரே அச்சு ஆதரவு. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் விடையில்லை என்று டிராய் கடிந்துகொண்டது. எதிரணியில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆசிரியர்கள் ஐஐடி ஆசிரியர்களுடன் இணைந்து அறிக்கை வெளியிட்டனர். ஆனால் பெங்களூரு ஒரே குரலில் பேசியதாகக் கொள்ளலாகாது. இணையத்துக்கும் சமூகத்துக்குமான மையம், கட்டணமில்லாத் தரவுத் திட்டங்கள் எல்லாமே ஒரே தன்மையின அல்ல என்று வேறுபடுத்திக் காட்டியது. அந்த நுண்மை ஆரவாரத்தில் அமிழ்ந்தது.

2016 ஒழுங்குமுறை விதித்த தண்டம் நாளொன்றுக்கு ₹50,000, உச்சவரம்பு ₹50 லட்சம். அது கட்டணத்தைப் பற்றியது மட்டுமே. 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்ற கொள்கைகள் தடுத்தல், வேகம் குறைத்தல், முன்னுரிமை தருதல் ஆகியவற்றையும் விலக்கின. அவையும் இணைப்பு வழங்குவோரையே கட்டுப்படுத்தின. பேச்சைத் தாங்கிநிற்கும் தளங்கள் அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றன.

அத்தளங்களைப் பற்றிய வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு 2022இல் வந்தது. 39 இணைய முகவரிகளை முடக்கும் ஒன்றிய அரசின் ஆணைகளை எதிர்த்து ட்விட்டர் தொடுத்த மனுவை 2023 ஜூன் 30 அன்று நீதிபதி கிருஷ்ண எஸ். தீட்சித் தள்ளுபடி செய்து ₹50 லட்சம் செலவுத்தொகை விதித்தார். எக்ஸ் எனப் பெயர்மாறிய அதே நிறுவனம் ‘சஹ்யோக்’ இணையவாயிலை எதிர்த்துத் தொடுத்த மனு 2025 செப்டம்பர் 24 அன்று நீதிபதி எம். நாகபிரசன்னாவால் தள்ளுபடியானது. அரசமைப்பின் 19ஆம் கூறு குடிமக்களுக்கே உரியது என்று அத்தீர்ப்பு கூறியது. இரு வழக்குகளிலும் மனுதாரர் நிறுவனம்தான். எழுதிய குடிமக்கள் அல்லர்.