விசையுந்துப் பூட்டு

விசையுந்துப் பூட்டு என்பது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் முதலிய இரு சக்கர ஊர்திகள் திருடப்படாமல் காக்கப் பயன்படும் கருவி ஆகும். ஊர்தியுடன் இணைந்தே வருபவை, உரிமையாளர் தனியாக வாங்கிப் பொருத்துபவை என இவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். எந்தப் பூட்டும் திருட்டை முற்றிலும் தடுத்துவிடுவதில்லை. திருடுவதற்கு ஆகும் நேரத்தையும், எழும் ஓசையையும், தேவைப்படும் கருவிகளையும் கூட்டுவதே பூட்டின் பணியாகும்.

திருட்டு நிகழும் முறைகள்

மகிழுந்துடன் ஒப்பிடுகையில் விசையுந்து எடை மிகக் குறைந்தது. இந்தியாவில் பரவலாக ஓடும் 100 சிசி வண்டிகள் ஏறத்தாழ 110 கிலோகிராம் எடை கொண்டவை. ஆகவே ஒரு விசையுந்தை மூன்று வழிகளில் கொண்டுசெல்ல இயலும்:

1. இயந்திரத்தை இயக்கி ஓட்டிச் செல்லுதல்
2. இயந்திரத்தை இயக்காமல் தள்ளிச் செல்லுதல்
3. இருவர் அல்லது மூவர் சேர்ந்து தூக்கி, வேறொரு ஊர்தியில் ஏற்றிச் செல்லுதல்

ஒவ்வொரு வகைப் பூட்டும் இவற்றுள் சிலவற்றையே தடுக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைச் சேர்த்துப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

வகைகள்

கைப்பிடிப் பூட்டு: தமிழ்நாட்டில் சைடு லாக் அல்லது ஹேண்டில் லாக் என வழங்கப்படுகிறது. கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பிச் சாவியை இயக்கும்போது, ஓர் எஃகுத் தாழ் திசைமாற்றித் தண்டில் உள்ள பள்ளத்தினுள் நுழைந்து அதனை அசையாமல் நிறுத்துகிறது. வண்டியை நேராகத் தள்ளவோ ஓட்டவோ இயலாது. எனினும் தாழ் மிகச் சிறியது. கைப்பிடியோ நீண்ட நெம்புகோலாகச் செயல்படுகிறது. எனவே பலத்த விசைக்கு இத்தாழ் முறிந்துவிடக்கூடும்.

வட்டுப் பூட்டு: டிஸ்க் லாக் என அறியப்படும் இது, தடை வட்டில் உள்ள துளை வழியாக ஓர் எஃகு முளையைச் செலுத்திச் சக்கரம் சுழல்வதைத் தடுக்கிறது. கையடக்கமானது. ஆனால் வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. உருளைத் தடை மட்டுமே உள்ள வண்டிகளில் இதனைப் பொருத்த இயலாது. பூட்டியிருப்பதை மறந்து வண்டியை நகர்த்தினால் ஓட்டுநர் கீழே விழ நேரிடும். இதனைத் தவிர்க்க, பூட்டிலிருந்து கைப்பிடி வரை நிறம் மிக்க நினைவூட்டுச் சுருள்கம்பி ஒன்று மாட்டப்படுவதுண்டு.

சங்கிலிப் பூட்டு: கடினப்படுத்திய எஃகினால் ஆன கண்ணிகளைக் கொண்டது. அசையாத பொருளுடன் வண்டியைப் பிணைக்க உதவுவதால், மூன்று வகைத் திருட்டுக்கும் எதிராகப் பயன்படுகிறது. மெல்லிய கண்ணிகளை நீள்கைப்பிடி வெட்டுக்கருவியால் வெட்டிவிடலாம். 16 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் கொண்ட கடின எஃகுக் கண்ணிகளைக் கையால் இயக்கும் அத்தகைய கருவிகளால் வெட்டுவது மிகவும் கடினம். அவ்வளவு தடித்த சங்கிலி பல கிலோகிராம் எடையுள்ளது என்பதால், பெரும்பாலும் வீட்டில் நிறுத்தும்போதே பயன்படுகிறது.

யூ வடிவப் பூட்டு: வளைந்த எஃகுத் தண்டும் குறுக்குத் தண்டும் கொண்டது. உறுதியானது, ஆனால் வளையாததால் பிணைப்பதற்கேற்ற பொருள் அருகிலேயே இருக்க வேண்டும்.

மின்னணு இயக்கத்தடை: சாவியினுள் உள்ள சில்லு அனுப்பும் குறியீட்டை வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி சரிபார்த்த பின்னரே இயந்திரம் இயங்கும். தள்ளிச் செல்வதையோ தூக்கிச் செல்வதையோ இது தடுக்காது.

பூட்டும் முறை

பூட்டின் தரத்தைப் போலவே பூட்டும் முறையும் முக்கியமானது. சங்கிலியை முன்சக்கரத்தில் மட்டும் கோத்தால், சக்கரத்தைக் கழற்றிவிட்டு எஞ்சிய வண்டியைக் கொண்டுசெல்ல இயலும். சட்டகத்தின் வழியாகவோ பின்சக்கரத்தின் வழியாகவோ கோப்பது சிறந்தது. சங்கிலியோ பூட்டோ தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் தரையே பட்டடைக்கல் ஆகிவிடும். சுத்தியலின் முழு விசையும் பூட்டின் மீது இறங்கும். அதைப் போலவே வெட்டுக்கருவியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி உடல் எடை முழுவதையும் செலுத்தவும் வழி ஏற்படும். தரையில் கற்காரையில் பதிக்கப்படும் நங்கூர வளையம், பிணைப்பதற்கான அசையாப் பொருளாகப் பயன்படுகிறது.

தடிமனும் சாவியும்

உறுதியான எஃகு மட்டும் போதாது என்பதை 2004 இல் நடந்த நிகழ்வு காட்டியது. அமெரிக்காவின் கிரிப்டனைட் நிறுவனம் விற்ற, குழாய் வடிவச் சாவி கொண்ட யூ வடிவப் பூட்டுகளை, பந்துமுனைப் பேனாவின் நெகிழிக் குழாயைக் கொண்டே திறக்க இயலும் என்பது அவ்வாண்டு செப்டம்பரில் பரவலாகத் தெரியவந்தது. நிறுவனம் அத்தகைய பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றுப் பூட்டுகளை வழங்கியது. ஒரு பூட்டின் வலிமை அதன் மிக வலுக்குறைந்த உறுப்பின் வலிமையே ஆகும்.

மின்கலத்தால் இயங்கும் கையடக்க அரைப்பு எந்திரங்கள் மலிந்த பின்னர், தடித்த சங்கிலிகளும் சில நிமிடங்களில் அறுபடுகின்றன. இதற்கு எதிராக, அரைப்புத் தகட்டையே தேய்த்துவிடும் கலப்புப் பொருள் பூசிய பூட்டுகள் 2020களில் விற்பனைக்கு வந்துள்ளன.

தரச் சான்று

பூட்டுகளைச் சோதித்துத் தரப்படுத்தும் அமைப்புகளுள் ஐக்கிய இராச்சியத்தின் சோல்டு செக்யூர் குறிப்பிடத்தக்கது. இது 1992 இல் காவல்துறையின் முயற்சியால் தொடங்கப்பட்டது. வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என இதன் தரநிலைகள் அமைந்துள்ளன. நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. அமைப்பு நட்சத்திரங்களால் தரப்படுத்துகிறது.

இந்தியாவில் பதிவும் காப்பீடும்

2019 ஏப்ரல் 1 முதல் உற்பத்தியாகும் ஊர்திகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. கழற்றினால் மீண்டும் பயன்படுத்த இயலாத பூட்டாணியால் இது பொருத்தப்படுவதால், திருடிய வண்டிக்குப் போலிப் பலகை மாட்டுவது கடினமாகிறது.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே சட்டப்படி கட்டாயம். அது திருட்டுக்கு இழப்பீடு தருவதில்லை. 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர ஊர்திகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே விற்கப்படுகிறது. சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியே புதுப்பிக்கத் தவறினால், காப்பீடு நடப்பில் இருந்தும் திருட்டுக்கு எதுவும் கிடைக்காது.

வண்டி திருடுபோனால் உடனடியாகக் காவல் நிலையத்தில் முறையிட்டு முதல் தகவல் அறிக்கை பெறுவதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் இன்றியமையாதவை. காவல்துறையிடம் உடனே முறையிட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தமையை மட்டுமே காரணமாகக் கொண்டு இழப்பீட்டை மறுக்க இயலாது என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் வழக்கமாகப் பதிவுச் சான்றிதழுடன் இரண்டு சாவிகளையும் கேட்கின்றன. சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றிருந்தால் அது கவனக்குறைவாகக் கருதப்பட்டு இழப்பீடு மறுக்கப்படவோ குறைக்கப்படவோ கூடும்.

பழைய வண்டி வாங்குவோர், அது திருட்டு வண்டியாகப் பதியப்பட்டுள்ளதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவை வழியாக அறியலாம்.

இவற்றையும் பார்க்கவும்

விசையுந்து
பூட்டு
ஊர்திக் காப்பீடு