பூ மழைக்குக் காத்திருக்கும் செடி

ஏற்காடு காபியின் கதையில் எல்லோரும் சொல்கிற பெயர் காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். கிரேஞ்ச் எஸ்டேட்டில் அவர் வைத்த செடிகளில் இருந்துதான் சேர்வராயன் மலையில் காபி பரவியது என்பார்கள். சரி, செடி மட்டுமா வந்தது? அதன் பழக்கமும் கூடவே வந்தது.

அராபிகாவின் பூர்வீகம் எத்தியோப்பிய மலைக்காடு. வறண்ட மாதங்களில் மொட்டு உறங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மழை விழுந்தால் விழிக்கும். எங்க பாஷையில் சொன்னால், இது தேதி பார்த்து ஓடுகிற புரோகிராம் இல்லை, சிக்னலுக்குக் காத்திருக்கிற புரோகிராம். மார்ச், ஏப்ரலில் 1 அங்குலத்துக்குக் குறையாமல் பெய்தால் 8, 10 நாளில் தோட்டமே வெள்ளையாகி மல்லிகை போல மணக்கும். இதைத்தான் பூ மழை என்கிறார்கள்.

சிக்கலும் இங்கேதான். ஜனவரியிலேயே மழை வந்தால் சில மொட்டு அப்போதே திறந்துவிடும், மீதி பிறகு. பழம் ஒரே சமயத்தில் பழுக்காது, பறிக்கிற கூலி ஏறும். தூறலோடு நின்றால் மொட்டு கருகும். மொத்த மழை குறையாத வருஷத்திலும், தப்பான வாரத்தில் பெய்தால் போதும், விளைச்சல் போச்சு. பருவம் தடுமாறுகிற இந்தக் காலத்தில் பயமே அதுதான்.

தோட்டங்களில் மழையை அங்குலம், சென்ட் கணக்கில் (100 சென்ட் 1 அங்குலம்) தினமும் நோட்டில் எழுதுவது பழைய வழக்கம். மலையின் பருவ வரலாறு அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது. உங்க வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க. 1950 மார்ச்சில் எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்று இனி யாரும் போய் அளக்க முடியாது.