வெடி அலை: காற்றிலும் நீரிலும்

வெடிபொருள் நொடியின் சிறு பகுதிக்குள் சூடான வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள ஊடகத்தில் எழும் மிகையழுத்தமே வெடி அலை. அதன் கொடுமை வெடிமருந்தின் எடையை மட்டுமன்றி, அது பரவும் ஊடகத்தையும் பொறுத்தது. நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. காற்று அமுங்கிச் சூடாகி, அலையின் ஆற்றலில் பெரும்பங்கை வழியிலேயே விழுங்கிவிடும். நீர் எளிதில் அமுங்காததால் ஆற்றலை வெகுதூரம் கடத்தும்.

இத்துறையின் அடித்தளம் கனமூல விதி. பிரிட்டனின் பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1915-இலும், ஜெர்மனியின் கார்ல் கிரான்ஸ் 1926-இலும் இதைத் தனித்தனியே வகுத்தனர். மருந்து எட்டு மடங்கானால் அதே அழுத்தம் உணரப்படும் தூரம் இரு மடங்குதான் ஆகும். நீருக்கான அளவீடுகள் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் திரட்டப்பட்டன. அவற்றைத் தொகுத்து ராபர்ட் கோல் 1948-இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

கோலின் வாய்பாட்டின்படி, ஒரு கிலோ டி.என்.டி. நீருக்குள் வெடித்தால் 10 மீட்டர் தொலைவில் உச்ச அழுத்தம் சுமார் 3,900 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 39 மடங்கு. காற்றில் அதே மருந்து, அதே தொலைவில் சுமார் 10 கிலோபாஸ்கல் மட்டுமே தரும். அதில் சன்னல் கண்ணாடி நொறுங்கலாம். செவிப்பறை கிழிய ஏறத்தாழ 35 கிலோபாஸ்கல் வேண்டும். நீரில் அழுத்தம் நீடிக்கும் நேரம் காற்றைவிட மிகக் குறைவு என்றாலும் உச்சத்தின் ஏற்றம் அதை ஈடுகட்டிவிடுகிறது.

காற்றில் வரும் அலையின் பெரும்பங்கு தோலில் பட்டுத் திரும்பிவிடும். உடலின் தசை நீரை ஒத்ததால், நீரில் வரும் அலை தடையின்றி உள்ளே நுழைந்து, காற்று தங்கும் நுரையீரல், குடல், செவி ஆகிய இடங்களில் கிழிக்கும். கப்பல் மூழ்கிக் கடலில் தத்தளித்த மாலுமிகள், வெளிக்காயம் ஏதுமின்றிக் குடல் துளைபட்டு இறந்ததை மருத்துவர்கள் போர்க்காலத்திலேயே பதிவுசெய்தனர். ஆசனவாய் வழியே நீர் புகுந்ததே காரணம் என்ற கருத்து அன்று இருந்தது. அலை வயிற்றுச் சுவரை ஊடுருவியதே உண்மைக் காரணம்.

மீனுக்கும் இதே கதிதான். செதில் கலையாத மீனை அறுத்தால் காற்றுப்பை கிழிந்து, நடுமுள்ளை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும். காற்றுப்பை இல்லாத நண்டும் இறாலும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

சிதறும் துண்டுகள் மட்டும் நேர்மாறானவை. காற்றில் தொலைவில் நிற்பவரையும் கொல்லக்கூடிய துண்டு, நீரில் சில மீட்டருக்குள் வேகமிழக்கும். தண்ணீருக்குள் பாய்ந்தால் பிழைக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்ததாகலாம். வெடி நீருக்குள்ளேயே இருந்தால் அது ஆபத்தான எண்ணம். நீர்ப்பரப்பை எட்டும் அலை இழுவிசை அலையாகத் திரும்பி, நேர் அலையைத் துண்டித்துவிடும். ஆழத்தைவிட மேற்பரப்பு பாதுகாப்பானது என்பதும், மாலுமிகள் மல்லாந்து மிதக்குமாறு அறிவுறுத்தப்பட்டதும் இதனால்தான். ஆழமற்ற ஆற்றில் பாறைப் படுகை அலையைத் திருப்பியடிக்கும். வண்டல் ஓரளவு உறிஞ்சும்.

வெடி போட்டு மீன்பிடிப்பதை பிரிட்டிஷ் இந்தியா 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தால் தண்டனைக்குரியதாக்கியது: இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். கரையிலிருந்து ஒரு கடல் லீக், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் வரையிலான கடலும் இதில் அடங்கும். தென்பெண்ணையாற்றை ஒட்டிய, புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சோரியாங்குப்பம் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்ததால், அண்டையிலுள்ள தென்னாற்காடு மாவட்டத்துக்குப் பொருந்திய இச்சட்டம் அங்கே செல்லவில்லை. இலங்கை 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கச் சட்டத்தால் வெடி போட்டு மீன்பிடிப்பதைத் தடைசெய்தும் திருகோணமலைப் பகுதியில் வழக்கம் முற்றாக ஒழியவில்லை.

காற்றில் வெடிப்பவற்றை இந்தியாவில் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. கிடங்குக்கும் குடியிருப்புக்கும் இடையிலான தூரம் மருந்தின் எடையை வைத்தே கணிக்கப்படுகிறது. உரிமமில்லாத நாட்டுப்பட்டாசு இக்கணக்கில் வருவதே இல்லை. 2021 நவம்பர் 4, தீபாவளியன்று, புதுச்சேரியை அடுத்த கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் கொண்டுசென்ற நாட்டுப்பட்டாசு வெடித்து ஒரு தந்தையும் மகனும் இறந்தனர்.